ஒரே வயலில் அரிசியும் உளுந்தும்: நடுவில் மண் செய்கிற வேலை

மாசி மாதம் மன்னார்குடிப் பக்கம் போனால் நெல் அறுத்த வயலெல்லாம் காய்ந்து கிடக்கும் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். கிடக்காது, பச்சையாக இருக்கும். நிற்பது உளுந்து. அதற்கு உழவு கிடையாது, அடியுரம் கிடையாது, பல வயல்களில் ஒரு தண்ணீர்கூடக் கிடையாது. சம்பாவோ தாளடியோ அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே, மண் மெழுகு பதத்தில் இருக்கையில் விதையைத் தெளித்துவிட்டு வந்துவிடுவார்கள். நெல் வீட்டுக்கு வரும்போது உளுந்து தாளுக்கு நடுவே இரண்டு இலை விட்டு நிற்கும். அப்புறம் மிச்சமிருக்கிற ஈரத்தையும் விடிகாலைப் பனியையும் வைத்துக்கொண்டு எழுபது, எழுபத்தைந்து நாளில் காய்த்து முடிந்துவிடும்.

இட்லிக்கு வேண்டிய இரண்டு சாமானும் ஆறேழு மாதத்துக்குள் ஒரே வயலிலிருந்து வருகிறது என்பதைச் சாப்பிடும்போது யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசித்தவனில்லை. போன வருஷம் சித்தப்பா வயலில் சும்மா ஒரு செடியைக் களைக்கொட்டால் கிளறி எடுத்து, வாய்க்காலில் தேங்கி நின்ற தண்ணீரில் அலசிப் பார்த்தேன். வேர் முழுக்கச் சின்னச் சின்ன மணிகள். சிலது கேழ்வரகு அளவு, சிலது மிளகு அளவு. ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு, கிட்டத்தட்ட நம் ஈறு இருக்கிற நிறம். பக்கத்திலேயே வெள்ளையாக இரண்டு, பச்சை படர்ந்து ஒன்று. சிவப்பு என்றால் உள்ளே வேலை நடக்கிறது, வெள்ளை என்றால் இன்னும் தொடங்கவில்லை அல்லது தொடங்கவே போவதில்லை, பச்சையோ பழுப்போ என்றால் முடிந்துவிட்டது. இது வேர்முடிச்சு. மண்வள ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம், ஒரு நகம் போதும்.

அந்தச் சிவப்பு எதனால் என்பது நல்ல கதை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் ஹீமோகுளோபினுக்குச் செடியில் ஒரு பங்காளி உண்டு, லெக்ஹீமோகுளோபின் என்று பெயர். முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக மாற்றுகிறது. அந்த வேலையைச் செய்கிற நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது, கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டுமே. அதனால் செடி இந்தச் சிவப்புப் பொருளைத் தயாரித்து, ஆக்சிஜனைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்து, வேண்டிய அளவு மட்டும் கொடுக்கிறது. ரேஷன் கடை மாதிரி.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். வயலுக்கு மேலே டன் கணக்கில் மிதந்துகொண்டிருக்கிறது, ஒரு செடியாலும் அதை நேரடியாகத் தொட முடியாது. இரண்டு நைட்ரஜன் அணுக்களும் ஒன்றையொன்று மூன்று கைகளால் பிடித்துக்கொண்டிருப்பது போன்ற பிணைப்பு. அதைப் பிரித்து அம்மோனியா ஆக்க முடியும் என்று ஃபிரிட்ஸ் ஹாபர் 1909இல் ஆய்வுக்கூடத்தில் காட்டினார், கார்ல் போஷ் 1913இல் ஜெர்மனியில் ஒப்பாவ் என்ற இடத்தில் ஆலையாகவே ஆக்கினார். நானூறு டிகிரிக்கு மேல் வெப்பம், காற்றழுத்தத்தைப் போல இருநூறு மடங்கு அழுத்தம் என்பது அந்த வேலைக்கான விலை. நம் மணலியிலும் தூத்துக்குடியிலும் யூரியா வருகிற வழி இன்றும் அதுதான். உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு இந்தச் செயற்கை நைட்ரஜனை நம்பி இருக்கிறது என்று கணக்குச் சொல்கிறார்கள், அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் அதே வேலையை உளுந்து வேரில் ஒரு பாக்டீரியா, மாசி மாதத்து மண் சூட்டில், கொஞ்சம் சர்க்கரையை வாங்கிக்கொண்டு செய்துவிடுகிறது.

சர்க்கரைதான் கூலி. செடி வெயிலில் தயாரித்ததில் ஒரு பங்கை வேருக்கு அனுப்புகிறது. முதலில் வேர் ஒருவகைச் சேதிப்பொருளை மண்ணில் கசியவிடும், தனக்கேற்ற பாக்டீரியா அதை உணர்ந்து பதில் சேதி அனுப்பும், அந்தப் பதில் சரியாக இருந்தால் வேரில் இருக்கும் மெல்லிய முடியின் நுனி சுருண்டு கதவு திறக்கும். எல்லா பாக்டீரியாவையும் எல்லாச் செடியும் உள்ளே விடாது. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு எல்லாம் ஒரே கூட்டம், கொண்டைக்கடலைக்கு வேறு ஆள். முடிச்சு உள்ள பயறுவகைச் செடிகள்தான் காற்றிலிருந்து நைட்ரஜன் எடுக்கின்றன என்று ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880களில் ஜெர்மனியில் நிரூபித்தார்கள். 1888இல் பைஜரிங்க் என்ற டச்சுக்காரர் முடிச்சுக்குள் இருந்த பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். நெல்லுக்குப் பின் பயறு போடுகிற பழக்கம் காவிரிக்கரைக்கு அதற்கெல்லாம் எவ்வளவோ முந்தியது.

செடி கணக்குப் பார்க்கும் என்பதையும் சொல்ல வேண்டும். உளுந்துக்கு யூரியாவை அள்ளிப் போட்டால், சும்மா கிடைக்கிறதை விட்டுவிட்டு யாராவது கூலி கொடுப்பார்களா என்கிற மாதிரி, அது முடிச்சுப் போடுவதைக் குறைத்துக்கொள்ளும். இலை தளதளவென்று இருக்கும், வேரில் ஒன்றும் இருக்காது.

இதில் எவ்வளவு கிடைக்கிறது? ஒரு ஏக்கரில் 200 கிலோ உளுந்து கண்டது என்று வைத்துக்கொள்வோம். உளுந்தில் ஏறத்தாழ 24 சதவீதம் புரதம், ஆக 48 கிலோ. புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். விதையில் மட்டும் ஏழரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. யூரியாவாகச் சொன்னால் 17 கிலோ அளவு. இதில் ஒரு பங்கு மண்ணிலிருந்து உறிஞ்சியது, மிச்சம் காற்றிலிருந்து வந்தது. பெரிய எண் இல்லைதான். ஆனால் இது இலைக்கும் தண்டுக்கும் போக விதைக்குள் போய் உட்கார்ந்தது, நம் தட்டுக்கு வருவது. பணம் கொடுத்து வாங்காதது.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையைக் கலைக்க வேண்டியிருக்கிறது. "உளுந்து போட்டா மண்ணுக்குத் தழைச்சத்து சேரும்" என்று எல்லோரும் சொல்வார்கள், பாடப்புத்தகத்திலும் இருக்கும். தழைச்சத்து என்றால் நைட்ரஜன்தான். சேரும், ஆனால் அவர்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. பிடித்த நைட்ரஜனில் பெரும்பங்கு பருப்போடு வெளியே போய்விடுகிறது. மிச்சம் இலை, தண்டு, வேர், முடிச்சு ஆகியவற்றில் இருக்கும். செடியை வேரோடு பிடுங்கிக் களத்தில் அடித்து, மிஞ்சும் தோலையும் தண்டையும் மாட்டுக்குப் போட்டுவிட்டால் வயலுக்கு என்ன மிச்சம்? உதிர்ந்த இலை மட்டும்தான். மண்ணுக்கே முழுதாக வேண்டுமென்றால் தக்கைப்பூண்டு மாதிரி ஒன்றைப் பூக்கிற நேரத்தில் மடக்கி உழ வேண்டும். மணிலா அகத்தி இதில் இன்னும் விசேஷம், அதற்குத் தண்டிலேயே முடிச்சு வரும், வயலில் தண்ணீர் நின்றாலும் தண்டு மேலே இருப்பதால் வேலை நிற்காது.

சரி, நெல்லுக்கு வருவோம். நெல்லில் முடிச்சு இல்லை, அதனால்தான் யூரியா மூட்டை. ஆனால் யூரியாவும் மண்ணுயிர் இல்லாமல் வேலை செய்யாது என்பது மூட்டையில் எழுதியிருப்பதில்லை. வெள்ளைக் குருணையாக விழுகிற யூரியாவைப் பாக்டீரியாக்கள் வெளியிட்ட நொதிதான் உடைத்து அம்மோனியம் ஆக்குகிறது, வேர் எடுப்பது அதைத்தான். பிரச்சினை அதற்கு அடுத்த கட்டத்தில். சேற்றின் மேல்தோலில் கொஞ்சம் காற்று படும் இடத்தில் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் இருக்கின்றன, அவை அம்மோனியத்தை நைட்ரேட் பக்கம் தள்ளும். நைட்ரேட் தண்ணீரோடு கீழே இறங்கும், கீழே காற்றில்லாத கறுப்புச் சேற்றில் வேறொரு கூட்டம் அதைப் பிரித்து மறுபடி நைட்ரஜன் வாயுவாக்கி விட்டுவிடும். ஒப்பாவ் வழியில் அத்தனை சூடும் அழுத்தமும் கொடுத்துப் பிடித்தது குமிழியாகிப் பறந்துபோகிறது. இப்படியும், ஆவியாகியும், கசிந்தும் போவது போக, தண்ணீர் கட்டிய நெல்வயலில் போட்ட யூரியாவில் பயிருக்குச் சேருவது மூன்றில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடினால் நாற்பது சதவீதம்.

இதைத் தடுக்க ஊரில் ஒரு கைவைத்தியம் உண்டு. யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நான்கு, வேப்பம்புண்ணாக்கு ஒன்று என்று கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து மறுநாள் போடுவது, வேளாண் பல்கலைக்கழகமும் இதையே பரிந்துரைக்கிறது. வேம்பு அந்த நைட்ரோசோமோனாஸ் கூட்டத்தின் வேகத்தைக் குறைக்கிறது. இந்தியாவில் 2015இலிருந்து யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வர வேண்டும் என்று ஆனதே, வேறு தொழிலுக்குக் கடத்துவதைத் தடுக்க என்பது அதில் ஒரு காரணம், இது இன்னொன்று. ஒரு பாக்டீரியாவை மெதுவாக ஓடச் சொல்லி ஒரு நாடே போட்ட உத்தரவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூட்டை மூட்டையாகப் போட்டாலும் நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் நைட்ரஜனில் பாதிக்கு மேல் உரத்திலிருந்து வருவதில்லை, மண்ணில் ஏற்கெனவே இருப்பதிலிருந்து வருகிறது. நைட்ரஜனுக்கு ஐசோடோப் அடையாளம் போட்டு எது எங்கிருந்து வந்தது என்று பார்த்த சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியது இது. மண்ணில் இருப்பது என்றால் மக்கிய வேர், தாள், எரு, செத்துப்போன பாக்டீரியா உடம்பு. இதை நுண்ணுயிர்கள் தின்று கழித்தால்தான் வேருக்குக் கிடைக்கும். என்னைக் கேட்டால் இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பழைய விவசாயப் பேச்சில் பாதி தானாகவே புரியும்.

உதாரணத்துக்கு, "ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்." ஆட்டுப் புழுக்கையில் கரியோடு, அதாவது கார்பனோடு, ஒப்பிட்டால் நைட்ரஜன் கூடுதல், நுண்ணுயிர்கள் சீக்கிரம் தின்று மிச்சத்தைப் பயிருக்கு விட்டுவிடும். மாட்டுச் சாணத்தில் நார் அதிகம், மெதுவாகத்தான் மக்கும். இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் கோடையில் ஆட்டுமந்தையைத் தஞ்சை வயல்களுக்கு ஓட்டி வந்து கிடை போடுகிறார்களே, அதற்குக் காசு கொடுத்து நிலத்துக்காரர் வாங்குவது புழுக்கையும் மூத்திரமும் மட்டுமில்லை, அடுத்த போகத்துக்குள் கைக்கு வருகிற தழைச்சத்து.

இன்னொன்று வள்ளுவர் சொன்னது. ஒரு பலம் புழுதி கால் பலம் ஆகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருகூட இல்லாமலே பயிர் செழிக்கும் என்கிறார் உழவு அதிகாரத்தில். பள்ளிக்கூடத்தில் இதை மிகைப்படுத்தல் என்று நினைத்துத் தாண்டியிருக்கிறேன். 1958இல் கென்யாவில் வேலை பார்த்த பர்ச் என்ற மண் ஆராய்ச்சியாளர், மண்ணை நன்றாகக் காயவைத்துப் பிறகு நனைத்தால் என்ன ஆகிறது என்று அளந்து பார்த்து எழுதினார். நனைந்த சில மணி நேரத்திலேயே நுண்ணுயிர்கள் வெறிபிடித்த மாதிரி பெருகி, மண்ணில் மக்கிக் கிடக்கும் மட்கைத் தின்று, மண்ணில் சட்டென்று நைட்ரஜன் கூடுகிறது. மண் காய்ந்ததில் செத்த நுண்ணுயிர்களின் உடம்பும், அதுவரை மண்கட்டிக்குள் ஒளிந்திருந்த மட்கும் உயிர் தப்பியவற்றுக்கு விருந்தாகிவிடுகின்றன. மண் அறிவியலில் இதற்குப் பர்ச் விளைவு என்றே பெயர். கோடை உழவு போட்டுக் காயவிட்ட புழுதியில் முதல் மழை விழுந்ததும் நடப்பது இதுதான். கூடவே எழுகிற மண்வாசனையில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாக் கூட்டம் தயாரிக்கும் ஜியோஸ்மின் இருக்கிறது.

ஆனால் இது சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பது. வருஷா வருஷம் காயவிட்டு எரு போடாமல் இருந்தால் மட்கு கரைந்துகொண்டே போகும். வள்ளுவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், அடுத்த குறளிலேயே ஏர் ஓட்டுவதைவிட எரு இடுவது மேல் என்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் முதல் குறளை மட்டும் மேடையில் எடுத்துவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

இப்போது டெல்டாவில் அந்தச் சேமிப்புக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தால், வைக்கோல் போய்க்கொண்டிருக்கிறது. மெஷின் அறுத்துப் போட்டதும் இன்னொரு மெஷின் வந்து உருட்டிக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறது, காசும் கிடைக்கிறது, யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஊரில் மாடும் குறைந்துவிட்டதால் போன வைக்கோல் சாணமாகத் திரும்பி வருவதில்லை. அப்படியே மடக்கி உழுதாலும் உடனே நல்லது நடக்காது. வைக்கோலில் கரி மிக அதிகம், அதைத் தின்ன நுண்ணுயிர்களுக்குக் கூடுதல் நைட்ரஜன் வேண்டும், அதை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், நட்ட பயிர் இரண்டு மூன்று வாரம் வெளிறி நிற்கும். பொறுத்தால் சரியாகிவிடும். பொறுக்காதவர்கள் ஒரு மூட்டை யூரியாவை வீசுவார்கள்.

மண்புழு பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். டார்வின் கடைசிக் காலத்தில், 1881இல், மண்புழுவுக்காகவே ஒரு புத்தகம் எழுதினார். ஒரு ஏக்கரில் வருஷத்துக்குப் பத்து டன்னுக்கு மேல் மண்ணை அவை மேலே கொண்டுவருவதாக இங்கிலாந்தில் கணக்குப் போட்டார். சென்னையில் சுல்தான் அகமது இஸ்மாயில் நம் ஊர் மண்புழு இனங்களை வைத்தே பல ஆண்டுகள் வேலை செய்தவர். தண்ணீர் கட்டிய நெல்வயலுக்குள் மண்புழு அதிகம் தங்காது, வரப்பில் இருக்கும். தென்னந்தோப்பிலும் வாழைக்கொல்லையிலும்தான் அதன் ராஜ்ஜியம். வேரோடு சேர்ந்து வாழும் மைக்கோரைசா பூஞ்சையும் அப்படித்தான், வேர் போகாத இடத்துக்கு நூல்விட்டு பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்தைக் கொண்டுவந்து சேர்க்கும், மேட்டுநிலப் பயிர்களுக்கு அது பெரிய துணை, கடுகு முட்டைக்கோஸ் குடும்பம் போன்ற சில மட்டும் அதைச் சேர்த்துக்கொள்ளாது. மண்ணில் இருப்பதெல்லாம் நல்லவர்கள் என்றும் இல்லை. உளுந்துக்கு வேரழுகல் கொண்டுவருவதும் மண்ணில் இருக்கும் பூஞ்சைதான், அதை அடக்க விதையில் கலக்கிற டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான்.

பாக்கெட்டில் வருகிற பாக்டீரியாவுக்கு வருவோம். ஐந்து மாதம் தண்ணீர் நின்ற வயலில் உளுந்துக்கு வேண்டிய ரைசோபியம் என்கிற வேர்முடிச்சு பாக்டீரியாவின் எண்ணிக்கை குறைந்துபோகும் என்பதால் விதையோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஏக்கர் விதைக்கு 200 கிராம் பாக்கெட் ஒன்று, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதை மேல் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். பூஞ்சாண மருந்து கலப்பதாக இருந்தால் அதை முதல்நாளே முடித்துவிட வேண்டும், இரண்டையும் ஒன்றாகப் போட்டால் வாங்கிய பாக்டீரியாவை நாமே கொன்ற மாதிரி. பாக்கெட்டுக்குள் இருப்பது உயிர் என்பதைக் கடைக்காரரும் மறந்துவிடுகிறார், வாங்குகிறவரும் மறந்துவிடுகிறார். ஒருமுறை சித்தப்பாவுக்காக நானே போய் வாங்கினேன். தகரக் கூரைக் கடை, மேல்தட்டு, வெயில் நேரே விழுகிற இடம். பின்பக்கம் அச்சடித்திருந்த தேதியைப் பார்க்கவில்லை. முப்பதாம் நாள் பிடுங்கிப் பார்த்தால் பூசின விதைக்கும் பூசாத விதைக்கும் வேரில் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டில் இட்லிமாவு புளிக்கவில்லை என்றால் குளிர் என்று உடனே காரணம் கண்டுபிடிக்கிறோம், அதுவும் பாக்டீரியா வேலைதான். வயலில் மட்டும் பாக்டீரியாவைத் தூள் மருந்து மாதிரி நடத்துகிறோம்.

ஊர் வரப்பைத் தாண்டி நாட்டுக் கணக்குக்குப் போனாலும் இதேதான். உலகத்திலேயே அதிகம் பருப்பு விளைவிப்பது இந்தியா, அதிகம் தின்பது இந்தியா, அதிகம் இறக்குமதி செய்வதும் இந்தியா. உளுந்து பெரும்பாலும் மியான்மரிலிருந்து வருகிறது. டெல்டாவில் நெல் தரிசு உளுந்து, அதாவது நெல்லுக்குப் பின் போடும் இந்த உளுந்தின் பரப்பு சுருங்கியதற்கு ஒரு பெரிய காரணம் அறுவடை மெஷின். ஆள் வைத்து அறுத்தபோது கால் மிதித்தே விதை சேற்றில் அழுந்தும், முளை தப்பும். பெல்ட் வண்டி போனால் முளைத்தது நசுங்கும், அதனால் அறுத்த பிறகு விதைக்கிறார்கள், அதற்குள் ஈரம் போய்விடுகிறது. பாக்டீரியா தயாராகத்தான் இருக்கிறது, செடி முளைத்தால்தானே. இன்னொரு பக்கம் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அந்த விலைக்கு நைட்ரஜன் கிடைக்கும்போது தக்கைப்பூண்டு விதைத்து ஒன்றரை மாதம் வயலையும் தண்ணீரையும் ஒதுக்கிவைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

அதற்காக மூட்டையை ஒரே நாளில் நிறுத்திவிடலாம் என்பவர்களுக்கு இலங்கையைத்தான் காட்ட வேண்டும். 2021 மே மாதம் அரசாங்கம் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது, அதே நவம்பரில் தளர்த்தியது. அந்தப் போகத்தில் நெல் விளைச்சல் சரிந்து அரிசியை வெளியிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று. மட்கு சேர வருஷங்கள் ஆகும். எருவே போதாத மண்ணில் வர்த்தமானி என்கிற அரசிதழில் அறிவித்தல் போட்டு நுண்ணுயிரைப் பெருக்க முடியாது.

நம் பக்கம் 2015இல் மண்வள அட்டைத் திட்டம் வந்தது. அட்டையில் பன்னிரண்டு விஷயம் இருக்கும்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமிலத் தன்மை, உப்பு, கரிமக் கார்பன். நல்ல திட்டம்தான், ஒன்றுமே தெரியாமல் உரம் போடுவதற்கு எவ்வளவோ மேல். ஆனால் மண்ணில் உயிர் இருக்கிறதா என்று கேட்கிற ஒரு கட்டம்கூட அதில் இல்லை. கரிமக் கார்பன் ஒன்றுதான் கொஞ்சம் கிட்டே வருகிறது, அது அந்த உயிர்களின் சாப்பாட்டு இருப்பு. அரை சதவீதத்துக்குக் கீழே போனால் அட்டையில் 'குறைவு' என்று அச்சடித்து வரும், பக்கத்திலேயே எத்தனை கிலோ யூரியா போட வேண்டும் என்ற பரிந்துரையும் வரும். சித்தப்பா அட்டையை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார், யூரியா பரிந்துரை எவ்வளவு என்று மனப்பாடம், கரிமம் எவ்வளவு என்று கேட்டால் கண்ணாடியைத் தேடுகிறார்.

பங்குனியில் உளுந்து காய்ந்து பிடுங்கும் நேரத்தில் மறுபடி போயிருந்தேன். வேர்முடிச்சு பற்றிப் படித்ததையெல்லாம் சொல்லி, பிடுங்காமல் அடியோடு அறுத்தால் வேரும் முடிச்சும் மண்ணிலேயே நிற்குமே என்றேன். சித்தப்பா பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது சரிதான்ப்பா. ஆனா மண்ணு இறுகிக் கெடக்கு, அருவா வச்சு அறுத்தா கூலியாளு ரெண்டு பேரு கூட வேணும். பிடுங்குறதுன்னா இன்னைக்கே முடிஞ்சுரும்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வாய்க்காலை ஒட்டியிருந்த அரை மா அளவு இடத்தைக் காட்டி, "அதை மட்டும் அறுக்கச் சொல்றேன், குறுவையில வித்தியாசம் தெரியுதான்னு பாப்போம்" என்றார்.